ஹேமாவின் ஐந்து ஃபைல்கள்

போன வாரம் பக்கத்து வீட்டு சரோஜா ஒரு துணிப்பையோடு வந்து நின்றார். பைக்குள் ஐந்து ஃபைல்கள். ஐந்தும் அவர் மகள் ஹேமாவுடையவை. பத்து வயசுப் பிள்ளை. மூன்றே வாரத்தில் ஐந்து டாக்டர்!

"நாளைக்குக் குழந்தைங்க டாக்டரப் பாக்கப் போறோம். இவளோட அப்பா தறியப் போட்டுட்டு வர முடியாது. கூட வாரீங்களாண்ணே?"

போனேன். செல்லூரில் பஸ் ஏறியதிலிருந்து எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஃபைல்களைப் புரட்டினேன். கண் டாக்டர் ஃபைலில் ஓயாத கண் சிமிட்டல் மட்டும். வயிற்று டாக்டர் ஃபைலில் சாப்பிட மறுப்பது மட்டும். அடிக்கடி யூரின் போவதற்கு ஒருவர். கையெழுத்து திடீரென்று கோணிப்போனதற்கு எலும்பு டாக்டர். தோல் டாக்டரிடம் கை வெடிப்பு... ஆனால் நாளெல்லாம் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாள் என்பது எதிலுமே இல்லை.

"ஏம்மா, இதை ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"தோல் டாக்டர்கிட்டத் தோலத்தானண்ணே சொல்லணும்? மத்ததச் சொன்னா கோவிச்சுக்க மாட்டாரா?"

சிரிக்கலாமா, அழலாமா? ரேஷன் கடையில் ஒரு கவுன்ட்டர், ஈ.பி. ஆபீஸில் ஒரு கவுன்ட்டர் என்று நின்று பழகிய ஜனங்கள் நாம். பிள்ளையையும் பிரித்துப் பிரித்துத்தான் நீட்டுகிறோம்.

'அம்மா செத்துப் போயிருவாங்க' என்று ஹேமா ஸ்கூல் வாசலில் கதறுவதையும் சரோஜா யாரிடமும் சொல்லவில்லை. பொம்பளப் பிள்ளை... நாளைக்கு யாராவது ஏதாவது பேசினால்?

குழந்தைகள் டாக்டர் ஐந்து ஃபைலையும் மேஜையில் வரிசையாக விரித்தார். மீதியைக் கேட்டுக் கேட்டு வாங்கினார். பிறகு, "எப்ப ஆரம்பிச்சது?" என்றார்.

"ஒரு புதன்கிழமை காலைல சார். செவ்வாய்க்கிழமை படுக்கப் போறவரைக்கும் நல்லாத்தான் இருந்தா."

அவர் சிரிக்கவில்லை. நான் சிரித்திருந்தேன். அந்த வாரமே சரோஜா இதை என்னிடம் சொன்னபோது, "ஒரே நாள்ல எந்தப் பிள்ளை மாறும்? அடம்மா, சுத்த அடம். ரெண்டு போடுங்க, சரியாயிரும்" என்றவன் நான். ஹேமா கதவோரம் நின்றிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு அடி விழுந்தது.

"அதுக்கு முன்னாடி தொண்டை வலி, காய்ச்சல் வந்துச்சா?"

"வந்துச்சு சார். மாத்திரைல போயிருச்சு."

அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்கு, கிருமியோடு மல்லுக்கட்டுகிற உடம்பு மூளையையும் சேர்த்துத் தாக்கிவிடுமாம். பயம், கை கழுவும் பித்து, சிமிட்டல், பட்டினி எல்லாம் ஒரே நாளில் கூட்டமாக வந்து இறங்குமாம். "அதுதான்னு இப்பவே சொல்ல மாட்டேன். டெஸ்ட் எடுப்போம். நரம்பு டாக்டரும் மனநல டாக்டரும் சேர்ந்து பாக்கணும். ஆனா ஒண்ணு... இது பிள்ளை தப்பு இல்லம்மா."

மனநலம் என்றதும் வெளுத்த சரோஜாவின் முகம், கடைசி வாக்கியத்தில் உடைந்துவிட்டது. எனக்குத் தலை நிமிரவில்லை. பத்திரிகையில் ஊருக்கே அட்வைஸ் எழுதுகிற கை இது.

ரத்தம் எடுக்க வராந்தாவில் காத்திருந்தோம். ஹேமா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, நான் அடம் பிடிக்கிற பிள்ளையா?"

"இல்லடா."

"நெசமா இல்லையா?"

"இல்லடா."

மறுபடி கேட்டாள். மறுபடியும். திரும்பி வரும் பஸ்ஸிலும். பதினோரு தடவை 'இல்லை' சொல்லிவிட்டேன்.

'அடம்' என்று நான் சொன்னது ஒரே ஒரு தடவைதான்.