மொட்டைக்கறுப்பன் மேல் விழுந்த வெளிச்சம்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் வாய் திறக்கும், புத்தி மூன்று நாள் கழித்துத்தான் வரும். இது என்னைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அந்த லைட்காரன் என்னிடம் வந்து அந்தக் கோதாரியை விற்றான், நானும் வாங்கினேன். இதை எழுத உட்கார்ந்த இந்த நேரத்திலும் அவன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. என் மேல் உள்ளது அதைவிடக் கூட.

கண்டாவளையில் வீதியோரம் வாகனம் கழுவும் இடம் ஒன்று வைத்திருக்கிறேன். தகரம் போட்ட நாலு கொட்டில், ஒரு கிணறு, இரும்புக் கால்களில் ஒரு தண்ணீர்த் தொட்டி, நாலு பிரஷர் பைப். கழுவிக் கொடுக்க என்னிடம் ஆள் இல்லை. டோக்கன் வாங்கிப் போட்டால் தண்ணீர் வரும், அவரவர் வாகனத்தை அவரவர் கழுவ வேண்டியதுதான். எங்கள் ஊருக்கு அதுதான் சரி. பெண்சாதியை நம்பி எல்லாம் விடுகிறவன்கூட ட்ரக்டரை இன்னொருவன் கையில் கொடுத்துக் கழுவ விடமாட்டான். வயலால் ஏறியதும் சேறு காயுமுன் நேரே இங்கே வருவார்கள். ஆகவே எங்கள் வியாபாரமே பொழுதுபட்ட பிறகுதான்.

அந்த நேரத்தில்தான் எனக்குக் குசினியில் வேலை. புட்டு அவிய வைத்திருப்பேன், "அக்கா, லைட்டைப் போடுங்கோ" என்று ஒரு சத்தம் வரும். ஓடிப்போய்ப் போடுவேன். கழுவி முடித்தவன் லைட்டை நூர்க்காமல், எரிய விட்டே போய்விடுவான். திரும்பவும் ஓடிப்போய் நூர்ப்பேன். அடுத்தவன் வருவான். கணவர் லொறியோடு கொழும்புக்குப் போனால் கிழமைக்கு ஒருமுறைதான் வீடு. பதினொரு வருடம் நான் ஒரு பின்னேரத் தேநீரைச் சூட்டோடு குடித்ததில்லை. இதை ஒரு பெரிய குறையாக எழுதுகிறாளே என்று நினைப்பவர்கள் பதினொரு வருடம் ஆறிய தேநீர் குடித்துப் பார்க்கட்டும்.

போன வருடம் ஐப்பசி மழைக்கு முன் லைட்காரன் வந்தான். எல்.ஈ.டி. லைட். பொழுதுபட்டால் தானாக எரியும், விடிந்தால் தானாக நூரும், கொட்டிலுக்குள் ஆள் நுழைந்தால் அங்கேயும் தானாக எரியும். சுவிட்ச் எங்கே என்று கேட்டேன். சிரித்தான்.

"இது ஓட்டோமேற்றிக் அக்கா. நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை."

அந்த ஒரு சொல்லில் நான் விழுந்தேன். ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று என்னிடம் அதற்கு முன் யாருமே சொன்னதில்லை. பழைய சுவிட்சைக் கழற்றச் சொன்னதும் நான்தான். கழற்றிய இடத்தைச் சீமெந்து வைத்துப் பூசுவித்தேன். கொட்டில்களுக்குள் நாலு, முன்னால் வீதியைப் பார்த்து ஒன்று, பின்னால் தூணில் உயரமாகப் பெரிதாக ஒன்று. பின்பக்கம்தான் ட்ரக்டர்கள் வரிசையில் நிற்கும் இடம். அதற்கு அப்பால் முள்ளுக்கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய வயல்.

அவள் என்னைவிட நாலு வயது இளையவள். முகாமிலிருந்து ஒரே பஸ்ஸில் திரும்பி வந்தோம். வந்த முதல் வருடம் இரண்டு வீட்டுக்கும் ஒரு கிணறு, ஒரு மண்வெட்டி. அவளுடைய கணவர் சண்டையின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். செத்தார் என்று யாரும் வந்து சொல்லவில்லை, உயிரோடு இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. அவள் இன்றைக்கும் பொட்டு வைக்கிறாள். தனி ஆளாக ஒரு ஏக்கரில் மொட்டைக்கறுப்பன் என்ற பழைய நெல் போடுகிறாள். ஊரில் எல்லாரும் மூன்றரை மாத நெல்லுக்கு மாறிவிட்டார்கள், அவள் மட்டும் மாறவில்லை. திரும்பி வந்தபோது யாரிடமும் விதை இல்லை. எங்கேயோ கேட்டு வாங்கிய ஒரு சிரங்கை, இரண்டு கை கொள்ளும் நெல்லை வருடத்துக்கு வருடம் பெருக்கி ஒரு ஏக்கர் ஆக்கினாள். அந்த வயல்தான் அவளுடைய சோறு. அடுத்த வருட விதையும் அதுதான்.

லைட் வந்த முதல் மாதம் நான் ராசாத்தி மாதிரி இருந்தேன். கதிரையைப் போட்டு உட்கார்ந்து தேநீரைச் சூடாகக் குடித்தேன். கார்த்திகையில் மழை கொட்டியது. வெள்ளம் அவளுடைய வயலின் பள்ளப் பக்கம் முழுவதையும் கொண்டுபோனது. மேட்டுப் பக்கம் மட்டும் தப்பியது. மேட்டுப் பக்கம் என்றால் என் வேலியோரம்.

வெள்ளம் வடிந்த கிழமை, பொழுதுபடும் நேரம், அவள் வேலியடிக்கு வந்தாள். கழுவிக்கொண்டு நாலைந்து பேர் நின்றார்கள்.

"அக்கா, அந்தப் பின்பக்க லைட்டை மட்டும் ஒரு மாதத்துக்கு நூத்துவிடுவீங்களோ? மொட்டைக்கறுப்பனுக்கு இருட்டு வேணும். இரவிலை வெளிச்சம் பட்டால் கதிர் வராது. எனக்கு மிஞ்சினது உந்தத் துண்டுதான்."

பணிவாகத்தான் கேட்டாள். எனக்கு விசர் பிடித்தது. ஏனென்றால் நூர்க்க என்னிடம் சுவிட்ச் இல்லை. சுவிட்சைப் பூசி மூடியவள் நான் என்று அத்தனை ஆம்பிளைகளுக்கு முன் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறு எல்லாம் வந்தது. நெல்லுக்கும் நித்திரை வேண்டுமாமோ, தொட்டில் கட்டி ஆட்டச் சொல்லுகிறாயோ என்று கேட்டேன். கழுவிக்கொண்டு நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ஏறியது. நான் ஒருத்தி தலையெடுப்பது உனக்கு எரிகிறது என்றேன். அவள் போகாமல் நின்றாள். அப்போது சொன்னேன்.

"பார்க்க ஆளில்லாத வயல் விளையாட்டி, அதுக்கு என்ரை லைட்டோ குற்றம்?"

சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். ஆளில்லாத வயல் என்றால் அங்கே நின்ற அத்தனை பேருக்கும் விளங்கும், எந்த ஆள் என்று. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வரம்பால் திரும்பி நடந்தாள். எனக்கு வாய்க்கொழுப்புச் சீலையால் வடிகிறது என்று யாராவது ஒருவன் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். ஒருவனும் சொல்லவில்லை, அடுத்த டோக்கனை வாங்கிக்கொண்டு போனார்கள்.

நான் ஒன்றும் விசாரிக்காமல் விடவில்லை. லைட்காரனுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். நெல்லுக்குக் கண் இருக்கிறதா அக்கா என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அரிசி ஆலையின் பெரிய லைட்டுக்குக் கீழே என் மைத்துனருடைய வயல் இருக்கிறது. அது ஒவ்வொரு வருடமும் நன்றாகத்தான் விளைகிறது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தேன். மைத்துனர் போடுவது மூன்றரை மாத நெல் என்பதும், அது நாளை எண்ணி விளையும் சாதி என்பதும், மொட்டைக்கறுப்பன் இரவு நீளுவதைப் பார்த்துக் கதிர் விடும் சாதி என்பதும் எனக்குத் தெரியாது. பரம்பரையாக வயல் செய்த குடும்பத்தில் பிறந்தவள் நான். தெரியாது என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

தைப்பொங்கலுக்கு நாலு நாள் முன் தொட்டி கழுவ ஏணி வைத்து ஏறினேன். தொட்டியின் மேலே நின்று நிமிர்ந்தபோதுதான் அந்த வயலை முழுதாகப் பார்த்தேன்.

மேட்டுத் துண்டின் தூரத்து ஓரமெல்லாம் கதிர் தள்ளித் தலை சாய்ந்து நின்றது. என் வேலியிலிருந்து உள்ளே மட்டும் பச்சை. கடும் பச்சை, வெறும் தாள், ஒரு கதிர் இல்லை. அந்தப் பச்சைக்கு ஒரு உருவம் இருந்தது. தூணடியில் ஒடுக்கமாகத் தொடங்கி, போகப் போக அகன்று, நெல் புடைக்கும் சுளகு மாதிரி. என் லைட் எங்கெங்கே விழுந்ததோ அங்கெல்லாம், கோடு கீறினது போல. வேலியோரம் நிற்கும் பூவரச மரத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் நடுவில் ஒரு துண்டு விளைந்திருந்தது. அந்த மரம் செய்த உதவியைக்கூட நான் அவளுக்குச் செய்யவில்லை.

ஏணியால் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. போனை எடுத்து லைட்காரனைப் பிடித்தேன். பிடித்து வைத்துக் கத்தினேன். இப்போதே வந்து இதை நூர்க்க வழி செய் என்றேன். நாலு நாள் செல்லும் அக்கா, பொங்கல் வேலை என்றான். ஏனடா அறுவானே சுவிட்ச் வைக்கவில்லை என்று கேட்டேன். நீங்கள்தானே அக்கா பூசி மூடச் சொன்னனீங்கள் என்றான். உண்மை. அந்த உண்மையைக் கேட்டுத்தான் போனை எறிந்தேன்.

மெயினை நூர்த்தால் மோட்டரும் நிற்கும், வீடும் இருட்டு. ஆகவே ஏணியைத் தூணில் சார்த்தி ஏறி, இரண்டு உரப்பையை லைட்டின் தலையில் போர்த்திக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். அடுத்த நாள் காலை எழும்பிப் பார்த்தால் வெயில் ஏறின பிறகும் லைட் எரிகிறது. பைக்குள் இருட்டுத்தானே. அதன் கணக்குக்கு இன்னும் விடியவில்லை. நாலு நாள் இரவும் பகலும் அந்தக் கழுதை பைக்குள் எரிந்தது. வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்த்தான். ஒருவனும் ஒன்றும் கேட்கவில்லை, அது எனக்கு இன்னும் எரிச்சல். கேட்டிருந்தால் கிழித்திருப்பேன்.

லைட்டைக் கட்டிய அன்றைக்குப் பின்னேரமே அவள் வீட்டுக்குப் போனேன். முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள். என் பிழை என்று சொன்னேன். லைட்டைக் கட்டிவிட்டேன், இனிக் கதிர் வருமா என்று கேட்டேன். அவள் கூட்டுவதை நிறுத்தவில்லை.

"பிந்தித்தான் வரும். வந்தாலும் மழை முடிஞ்சுது. தண்ணிக்கு நான் எங்கை போறது?"

அவ்வளவுதான். கத்தியிருக்கலாம். நான் அவளுடைய இடத்தில் இருந்திருந்தால் விளக்குமாற்றைத் திருப்பிப் பிடித்திருப்பேன்.

மாசியில் ஊர் முழுக்க வெட்டு மெசின் இறங்கியது. அவளுடைய விளைந்த ஓரங்களை வெட்டிவிட்டு மெசின்காரன் பச்சையைச் சுற்றிக்கொண்டு போனான், திரும்பி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு. வெட்டி முடிந்த வயல்களில் மாடுகளை அவிழ்த்து விட்டார்கள். காய்ந்த ஊருக்கு நடுவே அந்தச் சுளகு மட்டும் பச்சையாக நின்றது. மாட்டுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? நான் மூன்று பக்கமும் கம்பி இழுத்தேன். அப்போதுதான் அது கதிர் தள்ளத் தொடங்கியது, பாலேறும் நேரத்தில் நிலம் வெடித்தது.

என் கிணற்றில் அந்த வெயிலுக்கு இரண்டுக்கும் தண்ணீர் காணாது. வயலுக்கு விட்டால் வாகனம் கழுவ இல்லை. வீதியில் ஒரு மட்டையைக் கட்டி, கழுவுவது இல்லை என்று எழுதினேன். கணவர் லொறியால் இறங்கி மட்டையை வாசித்துவிட்டு, உனக்கென்ன பைத்தியமா என்று கேட்டார். ஓம் என்றேன். ட்ரக்டரைக் கொண்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். அன்றைக்குச் சிரித்த முகங்களைக் கொஞ்சம் சத்தமாகவே அனுப்பினேன். பைப்பை வேலியால் போட்டு, வெடிப்பு மூடும்வரை ஐந்து கிழமை தண்ணீர் விட்டேன். அவள் வரம்பில் நின்று மண்வெட்டியால் தண்ணீரைத் திருப்புவாள். நான் மோட்டரைப் போடுவேன், நூர்ப்பேன். ஒரு கதை இல்லை. பழைய ஒரே கிணற்றுக் காலத்தில் நாங்கள் வாய் மூடாமல் கதைத்தவர்கள்.

பங்குனிக் கடைசியில் இரண்டு பேரும் அரிவாளால் வெட்டினோம். தூற்றினால் பாதிக்குப் பாதி சப்பி, உள்ளே அரிசி இல்லாத வெறும் உமி. நல்ல நெல்லை அவள் கையில் அள்ளி, பார்த்து, திரும்பச் சாக்கில் போட்டாள். விதைக்குக் காணும் என்றாள். சாப்பாட்டுக்கு இல்லை என்பதை அவள் சொல்லவில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்த அரிசியை அவள் வாங்கவும் இல்லை.

லைட்காரன் பொங்கல் முடிந்ததுமே வந்து சுவிட்ச் வைத்திருந்தான். ஒன்று வீட்டுக்குள், பழைய இடத்தில், பூசிய சீமெந்தை உடைத்து. வெட்டு முடிந்த பிறகு அவனைக் கூப்பிட்டு இன்னொன்றும் வைப்பித்தேன், வேலித் தூணில், அவளுடைய கைக்கு எட்டும்படி. விரும்பிய நேரம் நீயே நூர் என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் தலையாட்டினாள். நான் நல்ல காரியம் செய்தேன் என்று நினைத்தேன். இனி நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்றும் நினைத்தேன். பாருங்கள், அந்தச் சொல் என்னை எவ்வளவு தூரம் கெடுத்திருக்கிறது.

இந்த வருடமும் அவள் விதைத்தாள். இப்போது கார்த்திகை. பொழுதுபட்டுவிட்டது, பின்பக்க லைட் எரிகிறது, ட்ரக்டர்கள் வரிசையில் நிற்கின்றன, குசினியில் எனக்குப் புட்டு அவிகிறது. வேலித் தூணில் இருக்கும் சுவிட்சை அவள் இன்றுவரை ஒருநாள்கூடத் தொட்டதில்லை. அதற்குப் பக்கத்தில் வந்து நின்று, கழுவுகிற அத்தனை பேருக்கும் கேட்க, பணிவாக, ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரிக் கூப்பிடுகிறாள்.

"அக்கா, வயலைப் பார்க்க ஆள் வந்திருக்கு. லைட்டை நூருங்கோ."

நான் ஈரக் கையோடு எழும்பிப் போய் நூர்க்கிறேன்.