ஜன்னலோரம் ஏறிய மேடை

யார் வீட்டுக்குப் போனாலும் சமையலறையை எட்டிப் பார்த்துவிடும் கெட்ட பழக்கம் எனக்கு. காபி போட உள்ளே போகிறவர்களின் பின்னாலேயே போய்விடுவேன். புதுச்சத்திரம் பக்கம் புது வீடுகளில் மேடை எல்லாம் ஒரே மாதிரிதான். பளபளக்கும் கறுப்புக் கிரானைட், அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் துணியோடு ஓடிவரும் வீட்டுக்காரி. சமைக்கக் கட்டினார்களா, துடைக்கக் கட்டினார்களா என்றே தெரியாது.

பக்கத்து வீட்டு சாரதாமணி அக்காவின் மேடை மட்டும் வேறு. அடுப்புவரை ஒரே மட்டமாக வந்து, ஜன்னலோரம் திடீரென்று அரை அடி ஏறும். அளவெடுத்த அன்று நானும் அங்கே இருந்தேன். அப்போது அப்படியொரு பேச்சே இல்லை.

அக்காவின் கணவர் செல்லமுத்து இருபத்தாறு வருஷம் ரிக் வண்டியில் சமையல்காரர். ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போகும் கூட்டத்தோடு போய், லாரியின் பக்கவாட்டில் இறக்கிவிடும் ஒரு பலகையில் பத்துப் பேருக்குக் காய் நறுக்கி, மாவு பிசைந்து ஆக்கிப் போட்டவர். வருஷத்தில் ஒரு மாதம் வீட்டுக்கு வருவார். வந்தால் அடுப்பைத் தொடக்கூடாது. "ஆம்பள கரண்டி புடிச்சா ஊரு சிரிக்குமுங்க" என்பது அக்காவின் சட்டம். அவர் வைத்த ரசத்தை அக்கா ஒரு வாய்கூடக் குடித்தது கிடையாது.

போன வருஷம் வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக வந்துவிட்டார். வீடு கட்டி முடியும் நேரம். கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது, சமையலறைக்குள் கொஞ்சம் இடம் வேண்டும் என்று கேட்க வாயும் வரவில்லை. பாவம், கதவோரமாகவே சுற்றிக்கொண்டிருந்தார்.

மேடை போட வந்த பூபதிக்கு ஒரு முறை உண்டு. சமைக்கிறவரை நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு நாலு விரல் கீழே சுவரில் கோடு போடுவார்.

"சமைக்கறவிங்க வந்து நில்லுங்க" என்றார்.

செல்லமுத்து போய் நின்றுவிட்டார். முழங்கையையும் மடக்கிவிட்டார்.

"ஏனுங்க, உங்களயா கூப்புட்டாங்க? தள்ளுங்க" என்றார் அக்கா. பூபதியும் அவருடைய ஆட்களும் சிரித்தார்கள். அக்கா ஐந்தடிக்கும் குறைவு. கோடு அவர் உயரத்துக்கே விழுந்தது. செல்லமுத்து வெளியே போய் மணல் குவியல்மேல் உட்கார்ந்துகொண்டார். அக்காமேல் எனக்கு அப்படிக் கோபம் வந்தது.

பால் காய்ச்சுவதற்கு முதல் நாள், மேடைமேல் மூடியிருந்த சாக்குகளை எடுத்தார்கள். அப்போதுதான் ஜன்னலோரத்து ஏற்றத்தை நானும் செல்லமுத்துவும் பார்த்தோம். அவர் அதன் முன்னால் போய் நின்று உள்ளங்கையை வைத்தார். குனிய வேண்டியிருக்கவில்லை.

"இதுக்கு அளவு ஆரு குடுத்தா?"

அக்கா அவருடைய பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். வயிற்றுக்குக் குறுக்கே ஒரே கோடாகத் துணி நைந்து இழை தெரிந்தது.

"நீங்க கொண்டார சட்டை பூராவும் இந்த எடத்துலதான் தேஞ்சு கெடக்கும். தொவைக்கறவளுக்குத் தெரியாதுங்களா, பலகை எங்க ஒரசுமுன்னு? உங்க தோள் உசரத்துல ஆணியடிச்சு, இதைய மாட்டி, பூபதியக் கோடு போடச் சொன்னேன்."

"அப்பறம் எதுக்கு அன்னிக்கு என்னையத் தள்ளி உட்ட?"

"அத்தன பேரு முன்னால போயி நின்னீங்க, பின்னே?"

செல்லமுத்து கல்லைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நாளைக்கு மத்தியானம் ரசம் வெய்யுங்க" என்றார் அக்கா. "இருவத்தாறு வருசமா ஊரான் ஊட்டுப் பசங்களே குடிச்சாங்க. நானும் ஒருவாட்டி குடிச்சுப் பாக்கோணும்."

அன்று நான் காபிக்கு நிற்கவில்லை.