மூன்று முறை சிவப்பு

திங்கட்கிழமை வந்த கடிதத்துக்கு நான் வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நடுவே இரண்டு முழு நாட்கள். எண்பதுகளின் கடைசி அது. நான் அப்போது நில அளவைத் துறையில் சர்வேயர். எதையும் மூன்று முறை அளக்காமல் எழுதியதில்லை. இரண்டு நாளில் மூன்று முறை எப்படி அளப்பது என்பதுதான் என் முதல் கவலை.

கடிதத்தை எழுதியவர் துபாயில் வேலை பார்த்த என் மனைவியின் தம்பி. இன்னும் மூன்று வாரத்தில் விடுப்பில் வருவதாகவும், என் மகளுக்குக் கேட்டிருந்த வீடியோ கேம் இரண்டு விதமாகக் கிடைப்பதாகவும் எழுதியிருந்தார். ஒன்று கறுப்புப் பெட்டி, முகப்பில் மரப்பலகை போன்ற பட்டை, பிடித்து ஆட்ட ஒரு குச்சி, ஒரு சிவப்புப் பொத்தான். மற்றது புதிதாக வந்த வெள்ளைப் பெட்டி. அதற்குக் குச்சி கிடையாது, உள்ளங்கை அளவுக்குத் தட்டையாக இரண்டு பலகைகள். அதனோடு தரும் ஒரே கேசட்டில் ஐம்பத்திரண்டு ஆட்டங்கள். "மாமா, எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். தபாலில் போட்டால் நான் கிளம்பிய பிறகுதான் வந்து சேரும். என் அறை நண்பர் கீழ்பென்னாத்தூரில் இருக்கிறார். விடுப்பு முடிந்து வியாழக்கிழமை இங்கே திரும்புகிறார். அவரிடம் ஒரு சீட்டு கொடுத்தனுப்புங்கள்" என்று முடித்திருந்தார்.

வீடியோ கேம் கேட்டது மகள் அல்ல, நான்தான். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

செங்கம் சாலையிலிருந்து பிரிகிற தெருவில் எங்கள் வீடு. எங்கள் வாசலிலிருந்து எண்பத்து நான்கு காலடி வைத்தால் இரும்புக்கடை பாய் வீடு. அவருடைய மகளும் என் மகளும் ஒரே வகுப்பு, ஏழாவது. அந்த வீட்டில் கறுப்புப் பெட்டி இருந்தது. தினமும் மாலை ஐந்து மணிக்கு என் மகள் அங்கே போய்விடுவாள். ஒருநாள் அவளைக் கூப்பிடப் போனேன். வாசலில் பதினோரு ஜோடிச் செருப்புகள். சன்னல் வழியே பார்த்தால், பிள்ளைகள் டிவியைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, என் மகள் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நிமிடம் அங்கேயே நின்றேன். அந்த நாற்பது நிமிடத்தில் அவள் கைக்குக் குச்சி வந்தது ஒரே ஒரு முறை. இரண்டு நிமிடத்துக்குள் தோற்று எழுந்துவிட்டாள்.

என் ஒரே பெண் அடுத்த வீட்டுச் சுவரோரம் நின்று முறைக்காகக் காத்திருக்கிறாள். அந்த எண்ணம் என்னை இருக்கவிடவில்லை. அன்றே மைத்துனருக்கு எழுதினேன்.

ஆகவே, சரியான பெட்டியைத் தேர்ந்தெடுப்பது எனக்கு விளையாட்டுக் காரியமாகத் தெரியவில்லை. அளவைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் நடுவே கோடு போட்டு அட்டவணை எழுதினேன். பொத்தான்கள்: கறுப்பில் ஒன்று, வெள்ளையில் நான்கு. ஆட்டங்கள்: பாய் வீட்டில் ஆறு கேசட், கேசட்டுக்கு ஒன்றாக ஆறு. வெள்ளையில் ஐம்பத்திரண்டு. உடையக்கூடிய பாகம்: கறுப்பில் குச்சி. வெள்ளையில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையே ஜெயித்தது. ஆனால் புதிய சரக்கு ரிப்பேரானால் வேலூரிலும் ஆள் கிடைக்காது. அதை எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். செவ்வாய்க்கிழமை முழுவதும் எழுந்து உட்கார்ந்து, உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தேன்.

"என்னாங்க இது, பொண்ணு பாக்கப் போற மாதிரி?" என்றாள் மனைவி. "நம்ம பொண்ணுகிட்டயே கேட்டா தீந்துது."

"அதுக்கு என்னா தெரியும்? மரப்பட்டை வச்சிருந்தா அழகுன்னு சொல்லும்."

"அப்ப பூ போட்டுப் பாருங்க. ஒரேயடியா முடிஞ்சிடும்."

எங்கள் வீடுகளில் மனம் ஒரு முடிவுக்கு வராதபோது அப்படிச் செய்வது உண்டு. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியே காகிதத்தில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. குழந்தைக்கு ஆசை கிடையாது, அதனால் அதன் கைக்கு வருவது சாமி சொன்னது என்று கணக்கு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் புதன்கிழமை காலை தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்கு மூன்று பேரும் போனோம். வெள்ளைக்கு மனைவி தன் தலையிலிருந்து நான்கு மல்லிகை எடுத்தாள். சிவப்புக்குக் கோயில் அரளி. வெள்ளைப் பூ வந்தால் வெள்ளைப் பெட்டி, அரளி வந்தால் கறுப்பு. மகளுக்கும் விவரமாகச் சொன்னேன். தலையாட்டினாள்.

குலுக்கிப் போட்டேன். மகள் இரண்டு பொட்டலத்தையும் கையில் எடுத்து ஒரு கணம் யோசித்தாள். ஒன்றை நீட்டினாள். சிவப்பு.

"ஒரு தடவைய வச்சு எப்படிச் சொல்றது? இன்னொரு தடவை" என்றேன்.

மறுபடியும் சிவப்பு.

"மூணுல ரெண்டுன்னா..."

"சாமிகிட்ட மறுகூட்டல் கேக்கிற ஆளு ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்" என்றாள் மனைவி. கோயில் குருக்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

மூன்றாவது முறையும் சிவப்பு.

மூன்று முறையும் சிவப்பே வருவதற்கு எட்டில் ஒரு வாய்ப்பு. நடக்கக்கூடியதுதான். ஆனாலும் எனக்குச் சந்தேகம் தட்டியது. இரண்டு பொட்டலங்களையும் வாங்கி மூக்கருகே வைத்தேன். ஒன்று கம்மென்று மணத்தது. மற்றதில் வாசனையே இல்லை.

"மோந்து பாத்தியா?" என்றேன் மகளிடம்.

அவள் கோயில் தரையைப் பார்த்தாள்.

"இது செல்லாது. தெரிஞ்சு எடுத்தா அதுக்குப் பேர் குலுக்கல் இல்ல" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தேன். அளவு தவறாக வந்தால் நிலம் அளக்கும் சங்கிலியைச் சோதிப்பவன் நான். அன்று சங்கிலியை மட்டும்தான் சோதித்தேன். பன்னிரண்டு வயதுப் பெண் மூன்று முறை மோந்து பார்த்து மூன்று முறையும் எதை எடுத்தாள், ஏன் எடுத்தாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை இரண்டு சீட்டு எழுதினேன். 'வெள்ளை' என்றது சட்டைப் பையில், 'கறுப்பு' என்றது கால்சட்டைப் பையில். கீழ்பென்னாத்தூர் போவதற்குள் பஸ் ஒன்பது இடங்களில் நின்றது. நான் ஐந்து முறை மனம் மாறினேன். நண்பர் வீட்டில் கூடம் முழுக்க சாமான், நடுவே அவர் பெட்டியின் மேல் முழங்காலை ஊன்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்த சீட்டைக் கொடுத்தேன். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன்.

"அந்தச் சீட்டை ஒருதரம் காட்டுங்க. மாத்திக் கொடுத்துட்டேனோன்னு."

"சார், அதுல வெள்ளைன்னு ஒரு வார்த்தைதான் இருக்குது. நான் மனப்பாடமே பண்ணிட்டேன். நீங்க நிம்மதியா போங்க" என்றார் அவர்.

மைத்துனர் வந்தபோது கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள் இருந்தது. வெள்ளைப் பெட்டியைப் பார்க்க முதல்நாள் பதினான்கு ஜோடிச் செருப்புகள் எங்கள் வாசலில் சேர்ந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது. கூடவே பயமாகவும் இருந்தது. அந்த வாரம் ஊரெங்கும் சீரியல் விளக்கு கட்டுவார்கள், எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கி இறங்கி ஏறும். பெட்டியின் அடாப்டரைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. இருபது நிமிடம் ஆட்டம், பத்து நிமிடம் ஓய்வு என்று விதி செய்தேன். டிவிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து, ஆளுக்கு மூன்று நிமிடம் என்று பிரித்துக் கொடுத்தேன். சத்தம் போட்டவர்களை அடக்கினேன். கம்பியில் கால் தடுக்கக் கூடாது என்பதற்காகச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஒரு கோடும் போட்டேன்.

இரண்டாம் நாள் ஒன்பது ஜோடி. மூன்றாம் நாள் நான்கு. ஐந்தாம் நாள் மகளின் செருப்பு மட்டும்.

அதற்குள் ஐம்பத்திரண்டு ஆட்டங்களையும் நான் வரிசையாகப் போட்டுச் சரிபார்த்துவிட்டேன். உண்மையில் இருந்தவை ஒன்பது. மீதியெல்லாம் அதே ஆட்டங்கள், நிறம் மாற்றியவை. எங்களுடையது கறுப்பு வெள்ளை டிவி. அந்த வித்தியாசம்கூடத் தெரியவில்லை. ஒன்பதும் அலுத்தால் மாற்றிப் போட வேறு கேசட் ஊரில் எவரிடமும் இல்லை. பாய் வீட்டுக் கேசட் இதில் நுழையாது.

ஆறாம் நாள் மாலை, மகள் பெட்டியைக் கம்பிகளோடு சுருட்டி ஒயர் கூடையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க எடுத்துனு போற?"

"பாய் வீட்டுக்கு. அவங்க டிவில மாட்டப் போறோம். அம்மாகிட்ட கேட்டுட்டேன்."

"இங்கயே விளையாடேன். முறையே வேணாம். முழுக்க உன்னுதுதான்."

"தனியா வெளயாடி தோத்தா சிரிக்கக்கூட ஆளில்லப்பா" என்றாள். "அங்க நம்ம முறை வர்ற வரைக்கும் அடுத்தவங்கள ஓட்டுவோம். அதுதான் ஜாலி."

"அப்ப அந்தக் கறுப்புப் பெட்டியே வேணும்னு சொல்லியிருக்கலாமே?"

"மூணு தரம் எடுத்துக் குடுத்தேனேப்பா. ரெண்டு வீட்டுலயும் ஒரே பெட்டின்னா கேசட்டை மாத்திக்கலாம்னு பேசி வச்சிருந்தோம். நீங்கதான் செல்லாதுன்னுட்டீங்க."

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கணக்கில் விட்டுப்போன ஒரு எண்ணை எடுத்துக் காட்டுவதுபோலச் சொன்னாள்.

"கேட்டுக்குங்க" என்று உள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. தரையில் சுண்ணாம்புக் கோடு அப்படியே இருந்தது. அரை மணி நேரம் பொறுத்தேன். பிறகு அடாப்டர் நினைவு வந்தது. இருபது நிமிடம் தாண்டிவிட்டது, நிறுத்தியிருக்க மாட்டார்கள். எண்பத்து நான்கு காலடித் தூரத்தை நடந்தேன். அவசரத்தில் எழுபத்தாறிலேயே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

வாசலில் பன்னிரண்டு ஜோடிச் செருப்புகள். உள்ளே ஒரே கூச்சல். சன்னல் வழியே பார்த்தேன். மகள் அதே சுவரோரத்தில் நின்றிருந்தாள். யாரோ ஒரு பையன் தோற்றான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று நாற்பது நிமிடம் நின்று பார்த்தபோதும் அவள் இப்படித்தான் சிரித்திருக்க வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் வெளியவே நிக்கிறீங்க அண்ணா? உள்ள வாங்க" என்றார் பாயின் மனைவி.

"இல்லம்மா, அந்த அடாப்டர் சூடாயிடும், அதான் ஒரு பத்து நிமிஷம்..."

கூச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. பாயின் மகள் மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, நீங்களும் வெளயாட வந்தீங்களா? வரிசையில நில்லுங்க. நீங்க பதிமூணாவது."

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், என் மகளும்தான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன். மகள் சுவரோரத்தில் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். அங்கிருந்து அடாப்டர் தெரியவில்லை. அது தெரிகிற மாதிரி கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தபடி, என் முறைக்காக நின்றேன்.