எண்ணெய் குடித்த பிரேக் பேடு

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பேரை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, ஒன்று என் நாத்தனார் பெற்றுப்போட்டுவிட்டுக் கண்ணை மூடியது. ஆறில் எது என் வயிற்றில் பிறக்காதது என்று ஊரில் ஒருவரும் கண்டுபிடித்துச் சொல்ல முடியாது. அப்படி வளர்த்தேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், ஊர்ப் பேர் பார்த்து பஸ் ஏறுவேன். அதற்கு மேல் எழுத என் கைக்கு வராது. நான் சொல்லச் சொல்ல இளையவனின் மகள் போனில் தட்டிக்கொண்டு வருகிறாள்.

சொல்ல வந்தது ஒரு காரின் பிரேக்கைப் பற்றி. உனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அந்த பிரேக்தான் என்னைப் பெரம்பலூரில் இரண்டாவது மாடியில் கட்டிப்போட்டது.

இளையவன் பெரம்பலூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். ஒருவர் ஓட்டிய காரைத்தான் வாங்கினான், ஆனால் வேகமாகப் போகிற ரகம். சிவப்பு நிறம், தரையோடு பதுங்கிய உடம்பு, பின்னால் ஒரு ரெக்கை. அதில் உட்காருவது குழிக்குள் இறங்குகிற மாதிரி இருக்கும். எழுந்திருக்க ஓர் ஆள் கைகொடுக்க வேண்டும். மாசியில் எனக்கு ஒரு கண்ணில் புரை எடுக்க வேண்டி வந்தபோது, கல்லங்குறிச்சிப் பக்கம் இருக்கிற என் வீட்டுக்கு அதில்தான் வந்து கூட்டிப்போனான்.

அரியலூர் தாண்டினால் சிமெண்டு லாரிகள் வரிசை கட்டிப் போகும். முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. இவன் பிரேக்கை மிதித்தான். கார் நிற்கவில்லை. அவன் பிடித்திருந்த ஸ்டியரிங்கிலிருந்து என் பல் வரைக்கும் கடகடவென்று ஆடிக்கொண்டே போய், லாரியின் பின்பலகைக்கு ஒரு முழம் இடம் விட்டு நின்றது. அவனுடைய இடது கை என் நெஞ்சுக்குக் குறுக்கே கிடந்தது. பின்னால் நின்றவன் ஆரன் அடித்த பிறகுதான் அந்தக் கையை எடுத்தான்.

"டிஸ்க் போயிடுச்சும்மா. பேடும் தேஞ்சிடுச்சு. மாத்தணும்."

"மாத்திடு" என்றேன். கடைக்குப் போய் வாங்கி மாட்டுகிற காரியம் என்றுதான் நினைத்தேன்.

சக்கரத்துக்கு உள்ளே தோசைக்கல் மாதிரி ஓர் இரும்புத் தட்டு சுற்றுகிறது. அதுதான் டிஸ்க். இரண்டு பக்கமும் கட்டை வந்து அதைக் கவ்வினால் வண்டி நிற்கும். அந்தக் கட்டைதான் பேடு. இவ்வளவும் அந்த வீட்டில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது. வேறு என்ன வேலை எனக்கு அங்கே? காலையில் இளையவன் கடைக்குப் போவான். மருமகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர், அவள் போவாள். பேத்தி காலேஜுக்குப் போவாள். கம்பிக் கதவை வெளியே பூட்டிவிடுவார்கள்.

"நீங்க யாரு வந்தாலும் தெறந்து வுட்டுடுவீங்க அத்தை" என்றாள் மருமகள்.

அவள் சொன்னது மெய்தான். எங்கள் வீட்டுக் கதவைப் பகலில் நான் சாத்தியதே கிடையாது.

பால்கனிக் கம்பி வழியாகப் பார்த்தால் கீழே அந்த சிவப்புக் கார் உறை போட்டு நிற்கும். நானும் அதுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்போம். கண்ணுக்கு ஊற்றுகிற சொட்டு மருந்து தீர்ந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். "கொண்டுபோயி வுடுடா" என்று கேட்டால், "பிரேக் போட்டுட்டுப் போலாம்மா" என்பான்.

எனக்கு அவசரம் இருந்தது. பங்குனியில் கல்லங்குறிச்சிக் கோயில் தேர். எங்கள் பக்கத்துச் சனம் விளைந்ததில் ஒரு பங்கைக் கொண்டுபோய்க் கோயிலில் கொட்டும். நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது எங்களுக்கு நிலம் கிடையாது. ஊரார் களத்தில் தூற்றிக் கொடுத்த தானியத்தை ஊரார் பேரில் தலையில் சுமந்துபோய்க் கொட்டியிருக்கிறேன். பிறகு நானும் அவரும் சேர்ந்து அரைக்காணி வாங்கினோம். அந்த வருசத்திலிருந்து என் நிலத்துக் கம்பில் முதல் மரக்காலை என் தலையில் நான் சுமந்துபோகிறேன். அவர் செத்த வருசம்கூட என் பெரிய மகளைச் சுமந்துபோகச் சொன்னேன், நிறுத்தவில்லை. இந்த வருசக் கம்பு, ஊரில் என் வீட்டுக்குள்ளே பானையில் கட்டி வைத்திருக்கிறது. வீட்டுச் சாவி என் இடுப்பில். மற்ற பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும். நான் போகாவிட்டால் இந்தத் தேருக்கு எங்கள் வீட்டுக் கம்பு போகாது.

"பஸ்ஸுல ஏத்தி வுடு, நான் போயிக்கிறேன்" என்றேன்.

"வாசல்ல செவப்புக் காரு நிக்குது, பெத்தவள பஸ்ஸுல அனுப்புனான்னு ஊரு சிரிக்கும்."

நானும் பஸ் பேச்சை விட்டுவிட்டேன். காரணம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரி போனில், "எப்பக்கா வர?" என்று கேட்டபோது, "எம்மவன் காருலயே கொண்டாந்து எறக்குவான், தெருவே பாக்கட்டும்" என்று என் வாயால் சொல்லி வைத்திருந்தேன். சொன்ன வாயை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்குவதா?

இளையவனோ முடிவுக்கு வரவே இல்லை. சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு யாராவது ஒருவன் பேடைப் பற்றிப் பேசுவதைப் பார்ப்பான். கம்பெனி பேடு, செராமிக் பேடு, உலோகத் தூள் கலந்த பேடு. ஒன்று சத்தம் போடாது, ஆனால் நன்றாகக் கவ்வாது என்பான். இன்னொன்று கவ்வும், டிஸ்க்கைத் தின்னும் என்பான். டிஸ்க்கிலும் ஓட்டை போட்டது, வரி போட்டது, வெறும் தட்டு என்று மூன்று ரகம்.

"பொண்ணு பாக்கறப்பகூட இவரு இவ்ளோ யோசிக்கல" என்றாள் மருமகள்.

"அப்ப வீடியோ இல்ல" என்றான் அவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போகிறேன் என்று கிளம்பினான். நானும் வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அடுத்த தெருதான், ஊர்ந்துகொண்டே போனான். கடை வாசலில் நிறுத்திவிட்டு அவன் இறங்கிப் போய்விட்டான். கதவைத் திறந்தேன், காலை வெளியே வைத்தேன், எழ முடியவில்லை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன். போகிறவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள். ஆறு பேரை இடுப்பில் தூக்கியவள்.

கடைக்காரர் ஒரு டிஸ்க்கை எடுத்து மேஜை மேல் வைத்தார். நெடுக ஓட்டை, பளபளவென்று இருந்தது. இளையவன் முகம் மலர்ந்துவிட்டது. அவன் அங்கே வரச் சொல்லியிருந்த மெக்கானிக், கூடாது என்று தலையை ஆட்டினார்.

"வேணாம் சார். நம்ம ரோட்டுல சுண்ணாம்புக்கல்லுப் புழுதி. அந்த ஓட்டையில போயி அடைச்சிக்கும். ரேசுக்குப் போறீங்களா, ஆயாவ ஊருல கொண்டுபோயி வுடப்போறீங்களா?"

"பாக்க நல்லாருக்குல்ல?"

"சக்கரத்துக்குள்ள கெடக்கறத யாரு சார் பாக்கப் போறா?"

நான் காரிலிருந்தே குரல் கொடுத்தேன். "எதப் போட்டா வண்டி அரியலூரு போவும்னு கேளுடா."

கடைக்காரர் சிரித்துவிட்டு, "எதப் போட்டாலும் போவும் பெரியம்மா. நிக்கறதுக்குத்தான் இது" என்றார்.

இளையவன் கேட்கவில்லை. ஓட்டை போட்டதைத்தான் வாங்கினான். மறுநாள் மெக்கானிக் மாட்டிப் பார்த்தால் அளவு பெரிதாக இருந்தது, சக்கரத்துக்குள் பேடு கவ்வும் இடத்தில் இடித்தது. திருப்பிக் கொடுத்தான். பிறகு இரண்டு நாள் மறுபடியும் அதே வீடியோக்கள். கடைசியில் மெக்கானிக் சொன்னபடியே வெறும் தட்டும் செராமிக் பேடும் போனிலேயே ஆர்டர் போட்டான்.

நான் அவனை ஜன்னலோரமாக நிறுத்திக் கேட்டேன். "என்ன இங்கயே வச்சிக்கணும்னு வேணும்னே இழுக்கிறியா?"

அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான். "அந்த லாரிய நீ மறந்துட்டம்மா. நான் மறக்கல. தப்பா ஒண்ண வாங்கிப் போட்டு உன்ன ஏத்திக்கிட்டுப் போகச் சொல்றியா?"

என் நெஞ்சுக்குக் குறுக்கே கிடந்த கை ஞாபகம் வந்தது. ஆனாலும் பூட்டின கதவு பூட்டின கதவுதான்.

தேருக்குக் கொஞ்ச நாளே இருக்கும்போது பெட்டிகள் வந்தன. அன்றைக்கு வீட்டில் நான் மட்டும். கொண்டுவந்தவன் கம்பிக் கதவின் அடியில் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுப் போனான். பிரித்தேன். புது இரும்பு. தூக்கவே கனமாக இருந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோசம். இதோ வந்துவிட்டது, இதை மாட்டினால் நான் வீடு போய்விடுவேன்.

எங்கள் பக்கத்தில் புது அரிவாளோ மண்வெட்டியோ வீட்டுக்குள் வந்தால் அதை வறட்டு இரும்பாக ஒரு பொழுதுகூட வைக்க மாட்டோம். விளக்கெண்ணெய் தடவி, குங்குமம் வைத்து, சாமி மாடத்துக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் எடுத்துப் புழங்குவோம். துருவும் பிடிக்காது, கையையும் வெட்டாது. மருமகளின் அடுக்களையில் விளக்கெண்ணெய் தேடி எடுத்தேன். இரண்டு தட்டுக்கும் முன்னும் பின்னும் தேய்த்தேன். பேடு சொரசொரவென்று வறண்டு கிடந்தது. அதற்கும் ஒன்றுக்கு இரண்டு தரம் தேய்த்தேன். உறிஞ்சிக்கொண்டது. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன்.

சாயங்காலம் முதலில் வந்தவள் பேத்தி. பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பத்தா, என்ன செஞ்சிருக்க?"

"புது இரும்புக்கு எண்ண வச்சேன்."

"அது எண்ணெ படக்கூடாத எடம் அப்பத்தா. வழுக்கிட்டுப் போயிடும்."

இளையவன் வந்தான். சாமி மாடத்துக்குக் கீழே குங்குமப் பொட்டோடு இருந்ததைப் பார்த்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். மெக்கானிக்கைக் கூப்பிட்டான். அவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டிஸ்க்குக்கு ஒண்ணும் இல்ல சார். கம்பெனிக்காரனே துருப் பிடிக்காம எண்ண தடவித்தான் அனுப்புறான், நாங்கதான் தொடச்சிட்டு மாட்டுவோம். ஆனா பேடு குடிச்சிடுச்சு. இத இனிமே நம்பக்கூடாது. வேற வாங்கணும்."

"எப்ப வரும்?"

"தேரு முடிஞ்சிதான். இது இங்க கடையில கெடைக்காது சார், ஆர்டர்தான் போடணும்."

பேடை நான் எடுத்துத் துணியால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க உள்ளேயிருந்து எண்ணெய் கசிந்துகொண்டே வந்தது. என் கையாலேயே எனக்கு இன்னொரு பூட்டுப் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு நான் சோறு சாப்பிடவில்லை. பட்டினி கிடந்து காட்டுகிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள். அப்படி இல்லை. சோற்றுக்குக் கொண்டுபோனால் கையெல்லாம் விளக்கெண்ணெய் வாசம்.

தேருக்கு முதல் நாள் காலையில் எல்லோரும் போனபின் பேத்தி மட்டும் திரும்பி வந்தாள். பூட்டைத் திறந்தாள்.

"கெளம்பு அப்பத்தா. பஸ்ஸுல போலாம்."

"உங்கப்பன்?"

"பஸ் ஏறிட்டுச் சொல்லிக்கலாம்."

மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இறங்கினேன். காரைத் தாண்டும்போது உறைமேல் ஒரு தட்டுத் தட்டினேன். அரியலூர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. பஸ் உயரமாக இருந்தது. லாரிகளை மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். அரியலூரில் பஸ் மாறும்போது பேத்தி அவள் அப்பனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். "தண்ணி வாங்கிக் குடு. வெயில்ல நிக்க வைக்காத" என்றான்.

தெருவில் இறங்கி நடந்தபோது பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்றாள். எதற்குப் பயந்தேனோ அதையே கேட்டாள்.

"காரு எங்கக்கா?"

"பிரேக் மாத்தறான்."

"அதுக்கு எத்தினி நாளு?"

"நல்லதாப் பாத்து மாத்தறான்டி. உன் மவன மாரி கெடச்சத மாட்டறவன் இல்ல."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவ்வளவுதான். இதற்காகவா அத்தனை நாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று இருந்தது.

மறுநாள் கம்பைத் தலையில் வைத்துக்கொண்டு போனேன். பேத்தி வாங்கிக்கொள்கிறேன் என்றாள், தரவில்லை. கூட்டத்தில் இடித்துத் தள்ளினார்கள். நானும் இடித்தேன். குவியல்மேல் என் கம்பைக் கொட்டியபோது அது எது, மற்றது எது என்று தெரியாமல் கலந்துபோனது. எனக்குத் தெரியும், அது போதும்.

அதற்கப்புறம் நான் என் வீட்டில், என் அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கதவு திறந்தே கிடந்தது. பேத்திக்குக் காலேஜ் லீவு, என்னோடு தங்கிக்கொண்டாள். இன்று காலையில் கார் வந்தது.

தெரு முனையில் திரும்பும்போதே காது கொடுத்தேன், பழைய கடகட சத்தம் இல்லை. வாசலில் வந்து பூப்போல நின்றது. தெருச் சனம் சுற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரி சிவப்பைத் தொட்டுப் பார்த்தாள். நான் ஆசைப்பட்டது எல்லாம் அப்படியே நடந்தது. ஆனால் என்னைக் கொண்டுவந்து இறக்க அது வரவில்லை.

"வெரல் வச்சா நிக்குதும்மா" என்றான் இளையவன். "கெளம்பு. இன்னொரு கண்ணுலயும் புரைய எடுத்துடலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. பத்து நாளு."

"போன தடவையும் பத்து நாளுதான் சொன்ன."

"அப்ப பிரேக் இல்ல. இப்ப இருக்குல்ல. நெனச்சப்ப கொண்டாந்து வுடறேன்."

அவன் பொய் சொல்லவில்லை. எனக்கும் அந்தக் கண்ணில் மங்கல்தான். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன், அகப்படவில்லை. பையை எடுத்துக் காரில் வைத்துவிட்டான். கதவு திறந்து கிடக்கிறது, அந்தப் பள்ளமான சீட்டு தெரிகிறது. கிளம்பும் முன்னால் ஒன்று சொல்ல வேண்டும், எழுதிக்கொள் என்று பேத்தியை உட்கார வைத்தேன். இதுவரை சொன்னது அதுதான்.

இப்போது அவன் ஆரன் அடிக்கிறான். அடிக்கட்டும். ஏ பாப்பா, இதுவரைக்கும் தட்டினதை வாசி. முதல்லேருந்து வாசி, ஒரு வார்த்தையும் வுடாத, மெதுவா.