பாட்டில் விடுபட்ட நோட்டரி

என் வீட்டுக்காரர் அஞ்சூலிஸுக்குத் தொழில் செருப்புத் தைப்பது. ஆனால் எங்கள் கிரேக்கத் தீவு ஊரான லிக்சூரியில் யாரைக் கேட்டாலும் முதலில் அவர் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு வேலை செய்யும்போது மட்டும் அவரால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆணி தீர்ந்ததோ, கடையைத் தாண்டிப் போகிறவர்கள் மேலெல்லாம் கேலிப்பாட்டு விழும்.

ஈஸ்டருக்கு முன்னால் வரும் பெரிய நோன்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் திருநாள். துறைமுகச் சதுக்கத்தில் காலி ஒயின் பீப்பாய் மேல் ஏறி நின்று ஊரையே நார் நாராகக் கிழிப்பார். ரொட்டிக்கடை ஸ்டமாட்டா தராசில் கட்டைவிரலையும் சேர்த்து நிறுப்பது, பாதிரியார் ஜெபத்தின் நடுவே குறட்டை விடுவது, எதுவும் தப்பாது. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அதுதான் எங்கள் ஊர் வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு. எல்லா வீட்டையும் பாடியே ஆகவேண்டும். அந்த வருஷம் செத்துப்போனவர்களை மட்டும் மரியாதைக்காக விட்டுவிடுவார்கள்.

இந்த மனிதரைக் கட்டிக்கொண்டு இருபத்து நான்கு வருஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மீன்காரியிடம் பேரம் பேசினால், "போன வருஷம் உம் புருசன் என்னைப் பத்தி என்ன பாடினான், ஞாபகமிருக்கா?" என்று அழுகின மத்தியைத் தலையில் கட்டுவாள். போகட்டும் என்று பொறுத்தேன். ஆனால் எங்கள் மகள் தியமந்தினாவுக்குச் சம்பந்தம் பேசியபோதுதான் பொறுக்க முடியாமல் போயிற்று.

மாப்பிள்ளை பானகிஸ் தங்கமான பையன். அவனுடைய அப்பா, ஊரே மரியாதைக்கு 'சியோர்' போட்டுக் கூப்பிடும் மெமாஸ்தான் வில்லங்கம். பத்திரம் எழுதும் நோட்டரி. வெயிலோ மழையோ, குடையும் தொப்பியும் இல்லாமல் வாசல் தாண்டமாட்டார். அறுபது வயதிலும் மீசை கருகருவென்றிருக்கும். அது எப்படி என்று ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். மாசத்துக்கு இரண்டு டப்பி கறுப்பு பூட்ஸ் பாலிஷ் எங்கள் கடையிலிருந்துதான் போகும். அவரிடம் இருப்பதோ பழுப்பு பூட்ஸ்.

திருவிழாவுக்கு நாலு நாள் முன்னால் அவர் கடைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார்.

"இதோ பாரு அஞ்சூலிஸ். ஞாயித்துக்கிழமை என் பேரு உன் வாயில வந்துச்சு, கல்யாணம் கிடையாது."

"சம்பந்தி, ஊரையே பாடிட்டு உங்களை எப்படி விடறது?"

"விடணும்! மூச்சு விடக் கூடாது!"

அவர் போனதும் நான் பின்கட்டிலிருந்து வந்து இவரைப் பிடித்துக்கொண்டேன். "கேட்டீங்கல்ல? பொண்ணு ராத்திரி பூரா அழுவுறா. உங்க பாட்டா, அவ வாழ்க்கையா?"

"ரூபினா, ரெண்டு வரி அருமையா வந்திருக்குடி."

"அந்த ரெண்டு வரியையும் ஆணியோட சேத்து முழுங்குங்க!"

முழுங்கினார். அந்த ஞாயிறு பீப்பாய் மேல் நின்று ஊரில் ஒரு கழுதையைக் கூட விடாமல் பாடினார். நோட்டரி வீட்டு முறை வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த வீட்டுக்குத் தாவிவிட்டார். சதுக்கம் ஒரு நிமிஷம் திகைத்தது. பிறகு யாரோ மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்கள். அடுத்தவரும் கழற்றினார். குடைக்கடியில் நின்றிருந்த சியோர் மெமாஸுக்கு முதலில் விளங்கவில்லை. ஸ்டமாட்டா அவர் பக்கமே திரும்பாமல் மூக்கைச் சிந்தினாள்.

"பாவம், நல்ல மனுசன். நேத்துக்கூடக் கடையில பாத்தேனே!"

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது போதாதா? திங்கட்கிழமை காலை நோட்டரி வீட்டு வாசலில் சர்க்கரை தூவி, மாதுளை முத்துப் பதித்து, இழவு வீட்டுக்குக் கொடுக்கும் அவித்த கோதுமை தட்டு தட்டாக வந்து இறங்கியது. பாதிரியார் தூபக்கலசத்தோடு வந்துவிட்டார். பத்து மணிக்கு ஊர் பாண்டு அவர் மாடிக்குக் கீழே நின்று சாவு ஊர்வல இசையை ஆடி அசைந்து வாசித்தது. அவர் மாடியிலிருந்து, "உயிரோட இருக்கேண்டா!" என்று கத்த, கீழே ஒருவன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, "ஆவி பேசுது!" என்றான். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. உடனே மகள் ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு சியோர் மெமாஸ் கடைக்குள் பாய்ந்தார்.

"இப்பவே பாடுடா என்னை! கஞ்சன்னு பாடு!"

"ஊர்ல பாதிப் பேரு கஞ்சன். அதுல என்ன சம்பந்தி புதுசு?"

"மூக்கைப் பத்திப் பாடு!"

"மூக்கு உங்கப்பா குடுத்தது. பாவம், அவர் என்ன செய்வார்?"

மனுஷர் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு ரகசியமாக, "சரி... மீசையையே பாடு," என்றார்.

"கல்யாணம்?" என்று நான் பின்கட்டிலிருந்து கத்தினேன்.

"நோன்பு முடிஞ்சதும் வெச்சுக்கலாம் தாயே! முதல்ல என்னைப் பொழைக்க வைங்க!"

இவர் மேலங்கியைக் கூட மாட்டவில்லை. தோல் ஏப்ரனோடு ஓடிப் பீப்பாய் மேல் ஏறினார்.

"தலை நனைஞ்சாத் தொடைச்சுக்குவார், மெமாஸ் துரை ஜோரு!
மீசை நனைஞ்சா சட்டையெல்லாம் பூட்ஸ் பாலிஷ் ஆறு!"

சதுக்கம் வெடித்தது. பாண்டுக்காரர்கள் சாவு இசையை விட்டுத் துள்ளலாகப் போல்கா வாசித்தார்கள். யாரோ ஒரு குவளைத் தண்ணீரை நோட்டரி முகத்தில் ஊற்ற, மோவாயில் கறுப்பு வழிய அவரே மீசையைத் துடைத்துக்காட்டி ஆடினார். நரைத்த மீசை அவருக்கு அழகாகவே இருந்தது. நோன்பு முடிந்ததும் கல்யாணம் நடந்தது.

அதற்குப் பிறகு இவர் பன்னிரண்டு வருஷம் பாடினார். போன கோடையில், வாயில் ஆணியோடு, பட்டறையில் தலை சாய்த்தபடியே போய்விட்டார். என்ன அவசரமோ, பாவி மனுஷன்.

இந்த வருஷத் திருவிழாவுக்கு நான் துக்கத்துக்குக் கறுப்பு உடுத்திச் சதுக்கத்தின் ஓரத்தில் நின்றேன். வழக்கப்படி அவர் பேர் வராது என்று தெரியும். தெரிந்தும் போனேன். சியோர் மெமாஸை நாலு பேர் பீப்பாய் மேல் தூக்கிவிட்டார்கள்.

"செத்தவங்களை விட்டுடணும்னு ஒரு வழக்கம் இருக்கு. விட்டா எப்படி இருக்கும்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். அதனால முதல் பாட்டு அஞ்சூலிஸுக்கு!"

"ஊருக்கெல்லாம் செருப்புத் தைச்ச அஞ்சூலிஸ்தான் வீரன்!
தன் செருப்புல ஓட்டை ரெண்டு, அதை எப்பவுமே தைக்க மறந்துபோன ஆளு!"

சதுக்கம் சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணெல்லாம் தண்ணீராக. பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினேன்.

"சம்பந்தி, ரெண்டாவது அடி நொண்டுது! அவரு கேட்டா கிழிச்சிருவாரு, திருப்பிப் பாடுங்க!"

அவர் திருப்பிப் பாடினார்.