சின்னக்கண்ணு வைத்த மொய்

என் ஓரகத்தி சின்னக்கண்ணுவைப் பற்றி நல்லவிதமாக எழுத எனக்கு மனம் வராது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. கச்சிராயபாளையத்தில் அவளுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு. நான் பிளஸ் டூ படித்து அங்கன்வாடியில் உதவியாளராக இருக்கிறேன். அவள் கரும்பு வெட்டப் போகிறவள், கையெழுத்துகூட வராது. ஆனால் எந்த மேஸ்திரியும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார். என் வீட்டுக்காரர்கூட நான் வைத்த குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "சின்னக்கண்ணு வச்சாப்ல இல்ல" என்பார். அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

2018-இல் ஒரு சனிக்கிழமை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கழுத்தில் அட்டை மாட்டிய மூன்று பேர் என்னையும் அவளையும் மறித்தார்கள். கல்வராயன் மலைப் பிள்ளை ஒன்றுக்கு இருதயத்தில் ஓட்டை, ஆபரேஷன் என்று போட்டோவைக் காட்டினார்கள். சின்னக்கண்ணு சுருக்குப் பையை அவிழ்த்து ஐநூறு ரூபாயை நீட்டினாள். நோட்டில் அவள் பெயரை எழுதிக்கொண்டு, "இந்த அம்மாவுக்கு எல்லாரும் கை தட்டுங்க" என்றார்கள். சுற்றி நின்றவர்கள் தட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. மகள் செவ்வந்தியின் நர்சிங் விண்ணப்பத்துக்கு வைத்திருந்த ஐநூறை எடுத்து நானும் நீட்டினேன். என் பெயரையும் எழுதிக்கொண்டு ஆளுக்கொரு ரசீது கொடுத்தார்கள். எனக்கு யாரும் கை தட்டவில்லை, பஸ் வந்துவிட்டது.

திங்கட்கிழமை அங்கன்வாடிக் கூட்டம். ரசீதில் அச்சடித்திருந்த பிள்ளையின் படத்தை கல்வராயன் மலையில் இருக்கும் வெள்ளிமலை சென்டர் டீச்சரிடம் பெருமையாகக் காட்டினேன். "இது எங்க சென்டர் புள்ள. இதுக்கு ஒரு நோவும் இல்ல. திருவிழாவுல யாரோ போட்டோ புடிச்சிக்கினு போனாங்க" என்றார். வீட்டுக்கு வந்து சின்னக்கண்ணுவிடம் சொன்னேன். விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். என் கையில் வேறு பணம் இல்லை.

செவ்வாய்க்கிழமை அவளிடம் சொல்லாமல் நான் மட்டும் போனேன். பணத்தை முதலில் திருப்பி வாங்கி வருகிறவள் நானாக இருக்க வேண்டும். ரசீதில் இருந்த முகவரி கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் ஒரு மாடி அறை. நான் எழுதிப்போன மனுவை வாங்கிப் படித்தார்கள், நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். "சென்னை ஆபீஸுக்கு அனுப்புறோங்க, முப்பது நாள்ல வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் குழாயடியில் ஒரே சிரிப்பு. சின்னக்கண்ணு கள்ளக்குறிச்சி போய்த் திரும்பியிருந்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக்கொண்டு அந்த அறைக்கே போயிருக்கிறாள்.

"நோட்டுல பேரு எழுதி வாங்கினா அது மொய்தான? ஆவணில எங்க வூட்டுல காதுகுத்து, வச்சத திருப்பி வைங்கன்னு கேட்டேன். முடியாதுன்னானுங்க. தட்ட ஏந்திக்கினு மாடிப்படியிலயே குந்திட்டேன். போறவங்க வர்றவங்க எல்லாம் இன்னாம்மான்னு கேட்டாங்க. மொய் வாங்கினவங்க திருப்ப மாட்றாங்கன்னேன். கூட்டம் ஜாஸ்தியாயிடுச்சி. தட்டுல வச்சிட்டானுங்க."

மனு எழுதத் தெரிந்த எனக்கு இது தோன்றவில்லையே என்று வயிறு எரிந்தது. எதிர்வீட்டு ஆயம்மாள் என் பக்கம் திரும்பி, "தங்கமணி, ஒன் பணம் இன்னா ஆச்சி?" என்றாள்.

"நான் செவ்வாக்கெழமையே வாங்கியாந்துட்டேன்" என்றேன்.

சின்னக்கண்ணுவின் முகம் மாறியது. மடியை அவிழ்த்தாள். இரண்டு ஐநூறு ரூபாய்த் தாள்கள் இருந்தன.

"ஒனக்கும் சேத்து கேட்டு வாங்கியாந்துட்டனேக்கா. ஒரு மொய்ய ரெண்டு தபா வாங்கினா பாவமாச்சே. அவனுங்க ஏமாத்தினா நாமளும் ஏமாத்தறதா?"

குடத்தை அப்படியே வைத்துவிட்டு டவுன் பஸ்ஸுக்கு நடந்தாள். "கொடுடி, அது என் பணம்" என்று தொண்டை வரை வந்தது. குழாயடியில் ஏழு பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களை ஏமாற்றியவர்களிடமே என் ஐநூறைக் கொடுத்துவிட்டு, விளக்கு வைத்த பிறகு திரும்பி வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை விண்ணப்பத்துக்கு ஐநூறு கேட்டு நான் போய் நின்றது அவள் வாசலில்தான். உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தாள். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.