ஆல்டோக்காரிகளுக்கு ஒரு மெட்டு

ஹெல்துர் பிஹ்லாப்பின் காதுபோல ஒரு காது எஸ்தோனியாவின் பைஸ்து வட்டாரத்தில் எந்த ஜீவனுக்கும் வாய்த்ததில்லை, வௌவால்களையும் சேர்த்துத்தான். அடுப்பிலிருந்து எடுத்த கறுப்பு ரொட்டியின் அடியை விரலால் தட்டிப் பார்த்து, "இன்னும் அரை சுருதி வேகணும்" என்பார். அரை சுருதி வெந்தபின் பார்த்தால் ரொட்டி பதமாகத்தான் இருக்கும். காட்டில் காளான் மண்ணை முட்டிக்கொண்டு வரும் சத்தம் கேட்ட பிறகுதான் கூடையை எடுப்பார். இதை நம்பாதவர்கள் அவருக்கு முன்னால் கிளம்பிப் போய் வெறுங்கூடையோடு திரும்பினார்கள்.

கூட்டுப்பண்ணைக் காலத்தில், டிராக்டரைப் புகழ்ந்து ஒரு பாட்டு எழுதும்படி மேலிடத்து உத்தரவு வந்தது. ஹெல்துர் கொட்டகைக்குப் போனார். அரைநாள் டிராக்டரின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதன் உறுமல் எந்தச் சுருதியோ அதே சுருதியில் பாட்டைப் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த டிராக்டர் பாட்டைக் கேட்காமல் கிளம்பமாட்டேன் என்றுவிட்டது. உழவு நாட்களில் நாலு பேர் அதன் மூக்குக்கு முன்னால் நின்று பாட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு மேலிடம் அவரிடம் எதையும் கேட்கவில்லை.

மற்றபடி சாதாரண மனிதர்தான். வாரநாட்களில் வில்யாந்தி இசைப்பள்ளியில் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆர்கன். மிச்ச நேரமெல்லாம் இசைத்தாளும் பென்சிலும். தலைநகரத்துப் பெரிய வாத்தியக் குழு அவருடைய மூன்று சிம்பொனிகளையும் வாசித்தது, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை. ஆனால் பாடகர் குழுக்களுக்கு அவர் எழுதிய பாட்டுகள் அலமாரியில் தூங்கவில்லை. எஸ்தோனியாவில் மூன்று பேர் சேர்ந்தால் ஒரு பாடகர் குழு. நாலாவது ஆள் வந்தால் அது இரண்டாகப் பிரியும். அத்தனை குழுக்களுக்கும் பாட்டு வேண்டுமே.

அவர் மனைவி மைரே, ஊர்த் தபால்காரி. சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு வெயிலிலும் பனியிலும் சுற்றியவள். ஊர்க் குழுவில் ஆல்டோ பாடினாள். ஆல்டோ என்றால் பெண்களில் கீழ்க்குரல். மெட்டு என்று ஒன்று இருந்தால் அது மேலே பாடும் சொப்ரானோக்காரிகளுக்குப் போய்விடும். ஆல்டோக்காரிகள் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கவேண்டும்.

"ஏன் கிழவா, நாங்க என்ன மாட்டுக் கொட்டகையிலயா நிக்குறோம்?" என்பாள் மைரே, ஒத்திகை முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே. "இருபத்துநாலு தாளச் சுற்றும் ஒரே 'ம்ம்ம்'. கறக்க ஆள் வரலைன்னு கத்துற மாடுகூட ஏத்தி இறக்கிக் கத்தும்."

"தூண் இல்லாம கூரை நிக்குமா, மைரே?"

"தூணுக்கும் ஒரு நாளாவது ஆடணும்னு இருக்காதா?"

"அடுத்த பாட்டுல பாத்துக்கலாம்."

அந்த அடுத்த பாட்டு வர முப்பத்தொரு வருஷம் ஆயிற்று.

அது ஒரு ஏப்ரல் மாதம். மைரே வாசலில் இருந்த பிர்ச் மரங்களில் துளையிட்டு, சாறு பிடிக்கத் தகர வாளிகளைக் கட்டியிருந்தாள். வாளிகளில் சாறு சொட்டியது, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ஸ்வரம். ஹெல்துர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்பது நாள் எழுதினார். பத்தாம் நாள் மைரே வேலை முடிந்து வந்தபோது தாளை நீட்டினார். பாட்டின் நடுவில் இருபத்துநாலு சுற்றுக்கு மெட்டு முழுவதும் ஆல்டோவில் இருந்தது. ஒற்றை ஸ்வரம் ஆண்களுக்கு.

தபால் பையை இறக்காமல் நின்றபடியே மைரே படித்து முடித்தாள்.

"மோசமில்லை" என்றாள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்தன்று மாப்பிள்ளையைப் பார்த்துக்கூட அதற்கு மேல் சொல்லமாட்டார்கள். ஹெல்துர் மூக்கைச் சிந்திக்கொண்டு விறகு எடுக்கப் போய்விட்டார்.

அந்தப் பாட்டை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் பெரிய பாட்டுத் திருவிழாவுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். இருபதாயிரம் பேர் ஒரே மேடையில் நின்று பாடுவது. அந்தப் பாட்டை நடத்தப்போகும் ராய்வோ போன் செய்தான். ஒருகாலத்தில் ஹெல்துரிடம் படித்தவன்.

"பாட்டு அருமை சார். ஆனா நடுவுல மெட்டு ஆல்டோவுல இருக்கே. திறந்த வெளி, கடல் காத்து வேற. ஆல்டோ குரல் புல்வெளியைத் தாண்டாது. சொப்ரானோவுக்கு மாத்திடுங்களேன்."

"காத்து ஒண்ணும் பண்ணாதுப்பா."

"மாத்தலைன்னா கமிட்டி வேற பாட்டைப் போட்டுடும் சார். நான் பொய் சொல்லல."

ஹெல்துர் இரண்டு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் மெட்டைத் தூக்கி மேலே வைத்தார். ஒற்றை ஸ்வரத்தை ஆல்டோவின் தலையில் இறக்கினார். தாளை உறையில் போட்டு ஒட்டினார். ஊரில் தபால் அனுப்ப ஒரே வழிதான் இருந்தது.

"என்ன இது, இத்தனை கனமா?" என்று உறையைக் கையில் தூக்கிப் பார்த்தாள் மைரே.

"பாட்டுல சின்னத் திருத்தம்."

"புள்ளி, கமாவா?"

"அந்த மாதிரிதான்."

சொல்லிவிடவேண்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் நல்ல நேரம் பார்த்தார். உருளைக்கிழங்கு தோண்டும்போது குனிந்திருந்தாள். குனிந்திருப்பவளிடம் எப்படிச் சொல்வது? கிறிஸ்துமஸுக்கு ரத்த சாஸேஜ் வறுத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் சொல்லலாமா? சனிக்கிழமைகளில் கூடப் பாடும் லைனேயின் ஏரிக்கரை சானாவில், அந்த நீராவிக் குளியல் குடிலில், வியர்க்க வியர்க்க உட்கார்ந்து, மற்ற ஆல்டோக்காரிகளுக்கு மைரே அந்த மெட்டைச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு கிலோமீட்டர் தள்ளி வீட்டிலிருந்த ஹெல்துருக்கு அது தெளிவாகக் கேட்டது. காதில் ஆட்டுக் கம்பளியை அடைத்துக்கொண்டார்.

திருவிழாப் பாட்டுப் புத்தகம் அச்சாகி வந்தது. வீடுவீடாக அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவளும் மைரேதான். கடைசிப் பிரதியைச் சமையலறை மேசையில் வைத்தாள். உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள்.

"அந்த உறைக்கு முத்திரை குத்தினது நான்தான்" என்றாள், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல். "முதல் குத்து சரியா விழலைன்னு ரெண்டாவதும் குத்தினேன்."

"ராய்வோ சொன்னான், காத்து..."

"ராய்வோவுக்கா முப்பது வருஷமா கிழங்கு உரிக்குறேன்?"

அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தப் பேச்சே இல்லை. சண்டை போட்டிருந்தால் முடிந்திருக்கும். நாங்களெல்லாம் சண்டையை உப்புப் போட்டுப் பீப்பாயில் வைத்துவிடுகிற ஜாதி.

திருவிழா ஜூலையில் வந்தது. மழையும் வந்தது. இருபதாயிரம் பேரும் பாரம்பரிய உடைக்கு மேல் பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார்கள். பாட்டு நடந்து முடிந்ததும் புல்வெளிக் கூட்டம் எழுந்து, "மறுபடியும்! மறுபடியும்!" என்று கத்தியது. எழுதியவரை மேலே கூப்பிட்டார்கள். ஓக் இலை மாலையைத் தலைவழியே போட்டார்கள். மாலை பெரிது, ஹெல்துர் மெலிந்தவர். ஈர இலைகள் இரண்டு காதிலும் அப்பிக்கொண்டன. அவர் ஆல்டோக்காரிகள் பக்கம் திரும்பி மைரேயைத் தேடினார். ஆயிரம் பிளாஸ்டிக் கோட்டு. இரண்டாம் முறை பாட்டு எழுந்தபோது அவருக்குக் கேட்டதெல்லாம் இலையின் சரசரப்பு, மழை, தன் நெஞ்சு அடிக்கும் சத்தம், மேலே பறந்த சொப்ரானோ.

பிறகு பாடகர்களுக்கான சூப் வரிசையில் மைரேயைக் கண்டுபிடித்தார். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அவள் கிண்ணத்தைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்தாள்.

"ரெண்டாவது தடவை எப்படி இருந்துது?"

குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தார் ஹெல்துர். அதனால் வாத்தியாராகவே பதில் சொன்னார்.

"சொப்ரானோ தாளத்தைக் கொஞ்சம் முந்தி ஓடிட்டாங்க."

மைரே கிண்ணத்தை அவர் பக்கம் நீட்டினாள்.

"அப்படியா" என்றாள். "குடி, ஆறிடும்."

அதற்குப் பிறகு நாலு வருஷம் இருவரும் நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். ரொட்டி சுட்டார்கள், காளான் பொறுக்கினார்கள். நாலாவது வருஷம் நவம்பரில் மூன்று நாள் காய்ச்சலில் மைரே போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் மேசையில் உட்கார்ந்திருந்தபோது, லைனே தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து ஹெல்துர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாற்பது வருஷமாக மைரேயின் பக்கத்தில் நின்று ஆல்டோ பாடியவள்.

"இப்பவாவது சொல்லு. அன்னிக்கு உனக்குக் கேட்டுதா இல்லையா?"

"எது?"

"அடப்பாவி." லைனே முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "ரெண்டாவது தடவை நாங்க பதினெட்டுப் பேரும் பழைய மெட்டைத்தான்யா பாடினோம். நீ முதல்ல எழுதினியே, அது. மைரேதான் ஏற்பாடு. 'முதல் தடவை நாட்டுக்குப் பாடுவோம், ரெண்டாவது அந்தக் கிழவனுக்கு. வேற எவனுக்கும் கேக்காது, அவனுக்குக் கேக்கும்'னு சொன்னா."

உருளைக்கிழங்கு சாலட் கிண்ணம் கைமாறிக் கைமாறி அவரிடம் வந்து நின்றது. யாரோ அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

"பஸ்ல வரும்போது கேட்டோம், கிழவன் என்ன சொன்னான்னு" என்றாள் லைனே. "மாலை பெருசு, காதை மூடிடுச்சுன்னு சொன்னா. உன்னை விட்டுக்கொடுக்கலை."

வானொலியிலிருந்து அன்றைய ஒலிப்பதிவை வரவழைத்து, அந்தக் குளிர்காலம் முழுவதும் ஹெல்துர் கேட்டார். காளான் முளைப்பதைக் கேட்ட காதால் அந்த இருபத்துநாலு சுற்றையும் சல்லடை போட்டுச் சலித்தார். பதினோராவது சுற்றில் ஏதோ ஒன்று கீழே அசைவதுபோல் இருக்கும். பதினெட்டுப் பெண்களாக இருக்கலாம். மைக்கில் விழுந்த மழையாகவும் இருக்கலாம்.

கோடையில் கல்லறை ஞாயிறு வந்தது. ஊரே கல்லறைத் தோட்டத்தில் கூடி, சருகு பொறுக்கி, பூச்செடி நட்டு, ஒரு காலடித் தடமும் இல்லாமல் மணலை வாரிக் கோடிழுத்து வைத்தது. போதகரின் ஜெபம் முடிந்ததும் ஹெல்துர் மணல்வாரியோடு ஆல்டோக்காரிகளிடம் போனார். காது நுனிவரை சிவந்திருந்தது.

"அதை ஒரு தடவை பாடுவீங்களா?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அடியில பிடிக்க ஆள் வேணும்" என்றாள் லைனே. "அந்த ஒத்தை ஸ்வரம் முதல் தாளில யாருக்கு எழுதியிருந்த?"

"ஆம்பளைங்களுக்கு."

"அப்ப நீயே நில்லு. இருபத்துநாலு சுற்று. அசையக்கூடாது."

ஹெல்துர் மைரேயின் தலைமாட்டில் நின்று ஸ்வரத்தைப் பிடித்தார். பதினேழு பெண்கள் மெட்டை எடுத்தார்கள். வாளியில் சாறு சொட்டுவதுபோலத் தயங்கித் தயங்கி ஆரம்பித்து, பிறகு நிரம்பியது. ஐந்தாவது சுற்றில் அவருக்கு மூச்சு முட்டியது. ஆல்டோக்காரிகள் நீண்ட ஸ்வரத்தில் முறைவைத்து மூச்சு விடுவார்கள். ஒருத்தி விடும்போது பக்கத்தில் நிற்பவள் தாங்கிக்கொள்வாள். இதை அவர் பள்ளியில் எத்தனையோ வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இப்போது அவர் பக்கத்தில் நின்று தாங்க யாரும் இல்லை. பதினான்கில் சுருதி இறங்கியது. பதினேழில் குரல் அறுந்தது.

பெண்கள் நிறுத்தவில்லை. அடியில் எதுவும் இல்லாமலே மிச்சமிருந்த ஏழு சுற்றையும் பாடி முடித்தார்கள். ஹெல்துர் மணல்வாரிக் கம்பைப் பிடித்தபடி வாயைத் திறந்தது திறந்தபடியே நின்று கேட்டார். ஒரு ஸ்வரம்கூடத் தப்பவில்லை.

"பதினேழுல நின்னுட்ட" என்றாள் லைனே.

"ஆமா."

"மைரே இருபத்துநாலும் நிப்பா."

ஹெல்துர் தலையாட்டினார். பெண்கள் வாசல் பக்கம் நடந்த பிறகு, அவர்கள் நின்ற இடத்து மணலை மெதுவாக வாரத் தொடங்கினார்.